பானை குளிர்கிற கணக்கு: வெயில் காலத்தில் கடல்மீன் தொட்டி

எங்கள் வீட்டு அடுக்களை மூலையில் ஒரு மண்பானை இருக்கிறது. காருகுறிச்சியில் வாங்கியது. அடியில் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் உட்கார வைத்திருக்கிறோம். முன்னறையில் 200 லிட்டர் கடல்மீன் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் இருபதடி தூரம்கூட இருக்காது. போன மே மாதம் ஒரு மத்தியானம், அறைக்குள் 35 டிகிரி காட்டியபோது, இரண்டிலும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். பானையில் 27. தொட்டியில் 31.

பானைக்குக் கரண்டு கிடையாது. சில நூறு ரூபாய்ச் சாமான். தொட்டிக்குப் பம்பு, கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர், எல்இடி விளக்கு என்று நான் போட்ட காசைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். ஆச்சியிடம் இந்த 27ஐயும் 31ஐயும் காட்டினேன். "எய்யா, பான வேர்க்குதுல்லா, அதான் குளுருது. ஒன் கண்ணாடிப் பெட்டி எங்கன வேர்க்கும்?" என்றாள்.

புதிதாகக் கடல்மீன் வளர்க்க வருகிறவர், தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரத்தின் விலையை விசாரிப்பதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொண்டால் போதும். திருநெல்வேலிச் சீமையில் தொட்டியைக் குளிர வைக்கிற வேலையில் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில், 31 டிகிரி ஏன் ஆகாது என்று பார்த்துவிடலாம். மனிதனுக்கு 31 சுகமான சூடு. மீனுக்கும் அந்தச் சூடு நேராகச் சுடுவதில்லை; மூச்சில்தான் கை வைக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். நல்ல தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். உப்புத் தண்ணீருக்கு அந்தக் கொள்ளளவு முதலிலேயே குறைவு: 25 டிகிரியில் 6.7 வாக்கில், 30 டிகிரியில் 6.2 வாக்கில். அரை மில்லிகிராம்தானே என்று தோன்றும். ஆனால் அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக ஓடத் தொடங்குகிறது. பொதுவாகப் பத்து டிகிரி ஏறினால் குளிர்ரத்தப் பிராணிகளின் உயிர்வினை வேகம் இரண்டு மடங்கு ஆகும் என்பார்கள். செலவு கூடுகிற நேரம் பார்த்து வரவு குறைகிறது. தொட்டியில் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியாக்களும் அதே ஆக்சிஜனைத்தான் தின்கின்றன. ராத்திரி விளக்கை அணைத்ததும் பாசியும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் கோடைச் சாவுகள் பெரும்பாலும் விடியற்காலையில் தெரியவருகின்றன. ராத்திரி எல்லாம் நன்றாக இருந்தது, காலையில் பார்த்தால் மிதக்கிறது என்பார்கள்.

பவளம் வளர்ப்பவர்களுக்கு நிலைமை இன்னும் நெருக்கடி. பவளத்தின் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைத்துக் கொடுப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. சூடு அளவு மீறினால் பவளம் அந்தக் குடித்தனக்காரர்களை வெளியே தள்ளிவிடும். நிறமும் அவர்களோடு போய், வெள்ளை எலும்புபோல் நிற்கும். இதைப் பார்க்க ஆஸ்திரேலியா போகவேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகள் 2010இலும் 2016இலும் இப்படி வெளுத்தன. கோடையில் கடல்நீர் 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றதுதான் காரணம். கடலுக்கே தாங்காத சூட்டை நம் கண்ணாடிப் பெட்டி தாங்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

(இடையில் ஒன்று. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பவளத்தை அள்ளிவந்து தொட்டியில் போடுகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கல்பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, புலியோடு ஒரே பட்டியலில். தொடவேண்டாம்.)

ஆகவே நமக்கு வேண்டியது 25இலிருந்து 27. 28 வரை பொறுக்கலாம். 29இல் கவனிக்கத் தொடங்க வேண்டும். 30க்கு மேல் ஒவ்வொரு மணி நேரமும் கடன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

வெயிலிலிருந்து என்றுதான் எல்லோரும் சொல்வோம். பாதிதான் உண்மை. என் தொட்டியில் 31 காட்டிய அன்று, அறைச் சூட்டோடு நானும் உள்ளேயிருந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்.

தொட்டிக்குள் ஓடுகிற ஒவ்வொரு வாட் மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் முடியும். பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது. அந்த ஓட்டம் உரசி அடங்கும்போது சூடு. விளக்கு ஒளி தருகிறது. அந்த ஒளி பாறையிலும் தண்ணீரிலும் பட்டு மறையும்போது சூடு. தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டன் பம்பு, ஸ்கிம்மர், அலை உண்டாக்கும் பம்பு, விளக்கு எல்லாம் சேர்ந்து சராசரியாக 100 வாட் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று வையுங்கள். 200 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 840 கிலோஜூல் வேண்டும். 100 வாட் ஒரு மணி நேரத்தில் 360 கிலோஜூல் கொடுக்கும். அதாவது சூடு வெளியே போக வழியே இல்லையென்றால் மணிக்கு 0.4 டிகிரி ஏறும். ஒரு நாள் முழுக்க விட்டால் பத்து டிகிரி. சூடு வெளியே போய்க்கொண்டே இருப்பதால்தான் அப்படி ஏறாமல் நிற்கிறது.

எனவே முதல் வேலை, பெரிய செலவில்லாத வேலை, உள்ளே வரும் வாட்டைக் குறைப்பது. சாதாரண பம்புக்குப் பதில் கரண்டு குறைவாகக் குடிக்கும் டிசி பம்பு போட்டால் பம்பிலிருந்து வரும் சூடு குறையும். விளக்கை மத்தியானம் எரிய விடாதீர்கள். கோடையில் எங்கள் வீட்டில் காலை 6 மணிக்குப் போட்டு 11 மணிக்கு அணைத்துவிடுவேன். சாயங்காலம் ஆட்களுக்குக் காட்டவேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நம் கான்கிரீட் வீடுகளின் குணம் தெரியுமல்லவா: மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து ராத்திரி பத்து மணி வரை அறைக்குள் கக்கும். தொட்டி உச்சச் சூட்டை எட்டுவது இரண்டு மணிக்கல்ல, எட்டு மணிக்கு. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன்: காலை 6, மத்தியானம் 3, ராத்திரி 8 என்று மூன்று வேளை. நீங்களும் எழுதிப் பாருங்கள். மாடி அறையில், மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்த நோட்டைப் பார்த்தபிறகு இடத்தை மாற்றத்தான் நினைப்பார்கள்.

இனி பானை

தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அதற்குச் சூடு என்ற விலை கொடுக்கவேண்டும். அடுப்பில் கொதிக்கும்போது அந்த விலையைக் கேஸ் கொடுக்கிறது. அடுப்பே இல்லாமல், அறைச் சூட்டில் மெதுவாக ஆவியாகும்போதும் அதே விலைதான், தள்ளுபடி கிடையாது. அதைக் கொடுப்பது மிச்சமிருக்கும் தண்ணீர். மேற்பரப்பிலிருந்து பறந்துபோகிற ஒவ்வொரு துளியும் கீழே நிற்கிற தண்ணீரின் சூட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் போகிறது. பானையின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்பக்கம் முழுவதும் ஈரமாகி, அங்கிருந்து பறக்கிறது. ஆச்சி சொன்ன வேர்வை அதுதான். நம் உடம்பு வேர்ப்பதும் இதே கணக்கு.

எவ்வளவு சூடு? ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல். மேலே சொன்ன 100 வாட் அடுப்பு நாள் முழுக்க எரிந்தால் 8,640 கிலோஜூல் தரும். வகுத்துப் பாருங்கள்: ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் தண்ணீர் பறந்தால் பம்பும் விளக்கும் போட்ட சூடு முழுவதும் கழிந்துவிடும். இன்னொரு விதமாகச் சொன்னால், 200 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் பறந்தால், வேறு சூடு உள்ளே வராதபட்சத்தில், மிச்சத் தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று டிகிரி குளிரும்.

பனிக்கட்டியோடு ஒப்பிட்டால் இதன் பலம் தெரியும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டால், அது உருகி, தொட்டிச் சூட்டுக்கு வந்து சேர்வதற்குள் உறிஞ்சுவது 450 கிலோஜூல் சொச்சம். அரை டிகிரிதான் குறையும். ஆவியாகிற ஒரு லிட்டர் ஐந்து பனிக்கட்டி பாட்டிலுக்குச் சமம். அதுவும் ஃப்ரிட்ஜ் அந்த பாட்டிலை உறையவைக்கும்போது பின்பக்கம் கக்கிய சூடு அதே வீட்டுக்குள்தான் இருக்கிறது.

கண்ணாடி கசியாது. ஆச்சி கேட்டது சரியான கேள்வி. தொட்டிக்கு வேர்க்க இருக்கும் ஒரே இடம் மேற்பரப்பு. அதையும் நாம் கண்ணாடி மூடி போட்டு அடைத்துவிடுகிறோம். மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்கக் கொசுவலையைச் சட்டம் கட்டிப் போடுங்கள். பிறகு ஒரு சின்ன ஃபேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் போதும். இரண்டு மூன்று வாட்தான் குடிக்கும். நேர் கீழே பார்த்து வைக்காமல், மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிறமாதிரி சாய்த்து வையுங்கள். தண்ணீருக்கு மேலே ஈரக் காற்று ஒரு போர்வைபோலப் படுத்துக் கிடக்கும். ஃபேன் செய்கிற வேலை அந்தப் போர்வையை இழுத்துப் போடுவது, அவ்வளவே. காற்றைக் குளிரவைப்பது அதன் வேலை அல்ல.

எனக்கு இரண்டு ஃபேன் போட்ட அன்று ராத்திரியே 31 இருந்த இடத்தில் 28.5 வந்தது. விளக்கு நேரத்தையும் மாற்றியபிறகு 27.

எவ்வளவு தூரம் குளிரும்?

ஃபேனைக் கூட்டிக்கொண்டே போனால் தொட்டி 20 டிகிரிக்கு வந்துவிடுமா? வராது. அதற்கு ஒரு தரை உண்டு. அதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு தெர்மாமீட்டர் எடுங்கள். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, ஃபேனுக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அதன் அளவு மளமளவென்று இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த எண்ணுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அந்த நேரத்தில், அந்த அறையில், வெறும் ஆவியாதலால் எட்டக்கூடிய அடிமட்டம் அது. தொட்டி அதைத் தொடாது. அதற்கு இரண்டு மூன்று டிகிரி மேலே நிற்கும்.

இந்த அடிமட்டம் வெயிலைப் பொறுத்தது மட்டுமல்ல, காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இங்கேதான் நம் சீமைக்கு ஒரு வேடிக்கையான அனுகூலம். பாளையங்கோட்டையில் மே மாதம் 38 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் 24 டிகிரி வாக்கில் நிற்கும். அதே நேரம் தூத்துக்குடியில் கடல்காற்று புகுந்து வெயில் 34தான், ஆனால் ஈரப்பதம் 70 என்றால், ஈரக்குமிழ் 29க்கு மேல். வெயில் நான்கு டிகிரி குறைவான ஊரில், ஃபேனை வைத்துத் தொட்டியை 29க்குக் கீழே இறக்க முடியாது! தூத்துக்குடி நண்பர்கள் சில்லர் வாங்கியே தீரவேண்டும் என்கிறார்கள் என்றால் அது பகட்டு இல்லை. நாம் அவர்களைப் பார்த்து வாங்கினால்தான் பகட்டு.

ஆனி, ஆடியிலும் நமக்கு இந்த அனுகூலம் தொடர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வருகிறது. குற்றாலம், தென்காசியில் சாரல் அடிக்கும். அங்கே காற்றே குளிர்ச்சி, தொட்டிக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கிழக்கே வர வர அதே காற்று காய்ந்து, நெல்லைக்கு வரும்போது புழுதியும் சூடுமாக இருக்கும். வீடு கூட்டி முடியாது. ஆனால் ஜன்னலைத் திறந்து அந்தக் காற்றைத் தொட்டி மேல் விட்டால் அதுவே இலவச ஃபேன்.

ஜன்னலைத் திறப்பது என்பது இதில் சின்ன விஷயம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 35 டிகிரியில், அந்த அறைக் காற்று சொட்டச் சொட்ட நிறைந்தாலும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவான தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்கும். நாமோ ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டரை அதற்குள் ஊதுகிறோம். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் சில மணி நேரத்தில் அறை தூத்துக்குடி ஆகிவிடும். பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, ஃபேன் ஓடியும் தொட்டி சூடாகக் கிடந்தது என்று சொல்பவர்களின் கதை இதுதான்.

இனி உப்பளம்

இதுவரை சொன்னது நல்ல தண்ணீர்த் தொட்டிக்கும் பொருந்தும். கடல்மீன் தொட்டிக்கு மட்டும் ஒரு சிக்கல் கூடுதல். அதை நான் நஷ்டப்பட்டுத்தான் படித்தேன்.

ஃபேன் போட்ட முதல் கோடை. தினமும் தண்ணீர் மட்டம் விரல் கணக்கில் குறைந்தது. உவரிக்குப் போய் இருபது லிட்டர் கேன்களில் கடல்நீர் எடுத்துவந்து வைத்திருந்தேன். கடல்மீன் தொட்டி, கடல்தண்ணீர் குறைகிறது, கடல்தண்ணீர் ஊற்றுகிறேன். இதில் என்ன தப்பு இருக்கமுடியும்? பத்து நாள் ஊற்றினேன். முதலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. பிறகு என் சுத்தக்கார இறால், கையை நீட்டினால் வந்து நகத்தைச் சுரண்டுமே அது, ஒரு காலையில் பாறையடியில் புரண்டு கிடந்தது. அதற்கப்புறம்தான் உப்பை அளந்தேன். லிட்டருக்கு 35 கிராம் இருக்கவேண்டிய இடத்தில் 42.

தூத்துக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், பாத்தி பாத்தியாகக் கடல்நீரைத் தேக்கி வெயிலில் விட்டிருப்பார்கள். நீர் பறக்கும், உப்பு தங்கும். மறுபடி உப்புநீரை விடுவார்கள். மறுபடி நீர் பறக்கும், உப்பு சேரும். உப்பளத்துக்காரர்கள் ஒரு மிதவைக் கருவியைப் போட்டு டிகிரி பார்ப்பார்கள்; இது சூட்டின் டிகிரி அல்ல, உப்புநீரின் அடர்த்தி. கடல்நீர் அதில் மூன்று, மூன்றரை டிகிரி. ஏறி ஏறி 25 வாக்கில் வரும்போது பாத்தியில் உப்பு படியும். நான் முன்னறையில் செய்தது அதே வேலை. தினம் நான்கு லிட்டர், லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஆக நாளுக்கு 140 கிராம். பத்து நாளில் 1,400 கிராம். அதை 200 லிட்டரில் பரப்பினால் லிட்டருக்கு ஏழு கிராம் கூடுதல். 35உம் 7உம் 42.

(அப்படியானால் ஈரக்காற்று வீசும் தூத்துக்குடியில் உப்பளம் எப்படி விளைகிறது என்று யாராவது கேட்கலாம். பாத்தி வெட்டவெளியில் கிடக்கிறது. வெயில் தண்ணீரையே காய்ச்சிவிடுகிறது. சூடான தண்ணீர் ஈரக்காற்றிலும் பறக்கும். நம் தொட்டி சூடாகக் கூடாது என்பதற்குத்தானே இவ்வளவும்.)

பறப்பது வெறும் நீர். ஆகவே ஈடுகட்ட ஊற்றவேண்டியதும் வெறும் நீர். ஆர்ஓ தண்ணீர் நல்லது. தாமிரபரணித் தண்ணீருக்கு என்ன குறை என்று நம் ஊர்க்காரருக்குக் கோபம் வரும். ருசிக்குக் குறை இல்லை, ஆனால் குழாயில் வரும்போது குளோரின் கலந்திருக்கும். போர் தண்ணீர் என்றால் நினைக்கவே வேண்டாம். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மற்றதும் பறக்காமல் தங்கும், மாதக்கணக்கில் சேரும். உப்பளக் கணக்கு எல்லாக் கரைசலுக்கும் ஒன்றுதான்.

ஒரே நேரத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்க்காதீர்கள். சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) இருந்தால் அதற்குள், காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக. கண்ணாடியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதுதான் மட்டம் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு ஊற்றவேண்டும் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அண்ணாச்சி வீட்டுப் பையன்கூட ஊற்றுவான். மிதவை வைத்துத் தானாக ஊற்றும் கருவியும் கிடைக்கிறது. போடுவதானால், அதற்குத் தண்ணீர் தரும் வாளி சிறியதாக இருக்கட்டும். மிதவையில் நத்தை ஏறி உட்கார்ந்து அது மூடாமல் போன கதை எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு. பத்து லிட்டர் வாளி என்றால் சேதம் பத்து லிட்டரோடு நிற்கும்.

உப்பை வாரம் இருமுறை அளங்கள். ஒப்படர்த்தி 1.025 சுற்றி இருக்கவேண்டும். ஏறிவிட்டதென்றால், பதறி ஒரே நாளில் இறக்கக்கூடாது. நான் தினம் சில லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆர்ஓ ஊற்றி, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு இறக்கினேன். மீன்கள் பிழைத்தன.

ஃபேன் விஷயத்தில் இன்னொரு தொல்லை, உப்புப் பூப்பது. தெறிக்கிற நுண்துளிகள் ஃபேன் இறக்கையிலும் வயரிலும் காய்ந்து வெள்ளையாக ஏறும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு கோடைக்கு ஒரு ஃபேன் துருப்பிடித்துப் போகும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் மனக்கஷ்டம் இல்லை. ஃபேனைக் கட்டுகிற இடத்தில், கட்டு அறுந்தாலும் தண்ணீரில் விழாதபடி இன்னொரு கட்டும் போடுங்கள். வயர் ப்ளக்குக்குப் போகும் வழியில் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறட்டும். வயர் வழியே வடிகிற தண்ணீர் தொங்கலில் சொட்டிவிடும், ப்ளக்குக்குப் போகாது. வீட்டில் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் தொட்டிக்கு முன் அதைப் போடுங்கள்.

சில்லரைப் பற்றி நாலு வரி. ஃப்ரிட்ஜ் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது: தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்து அறைக்குள் விடுகிறது. தொட்டி ஸ்டாண்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால், தான் விட்ட சூட்டைத் தானே குடித்துக்கொண்டு ஓயாமல் ஓடும். கல்பவளம் வளர்ப்பவர், கடற்கரை ஊர்க்காரர், பகலில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் வாங்கலாம். நாலு கோமாளி மீனும் இரண்டு டாம்செல்லும் வைத்திருக்கிற பாளையங்கோட்டை வீட்டுக்கு என் அபிப்பிராயத்தில் அது தண்டச் செலவு. ராத்திரி எப்படியும் ஏசி போடுகிற அறையில் தொட்டி வைத்தால் நல்லதுதானே என்று கேட்கிறார்கள். ராத்திரி 24, பகல் பூட்டிய அறையில் 31 என்று தினம் ஊஞ்சல் ஆடுவதைவிட, எப்போதும் 28இல் நிற்பது மீனுக்கு மேல்.

பனிக்கட்டி பாட்டில் அவசரத்துக்கு மட்டும். பாட்டிலை நன்றாகக் கழுவி, முக்கால்வாசி நிரப்பி, இறுக மூடி உறையவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று. கட்டியை நேராகத் தண்ணீரில் போட்டால் உப்பு குறையும்.

கடைசியாகக் கரண்டு. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மத்தியானம் 2 மணி வரை நிறுத்துவார்கள். முன்கூட்டியே அறிவிப்பு வரும். கத்திரி வெயிலில் அந்த ஐந்து மணி நேரம் பெரிது. பம்பு நிற்பதால் அதன் சூடு உள்ளே வராது, அது ஒரு லாபம். ஆனால் தண்ணீர் அசையாமல் நின்றால் ஆக்சிஜன் இறங்கும். அப்போது முதல் கவலை சூடு அல்ல, மூச்சு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்; குமிழ்கள் மேற்பரப்பைக் கலைப்பதால் ஆவியாதலும் கொஞ்சம் நடக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, செவுள் படபடவென்று அடித்தாலோ, ஒரு செம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். அன்றைக்கு மீனுக்குத் தீனி வேண்டாம். செரிமானத்துக்கும் ஆக்சிஜன் செலவு.

ஃபேனும் இல்லாத அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் ஆச்சியின் பானை முழுசாகக் கைகொடுத்தது. இரண்டு பழைய காசித் துண்டுகளை நல்ல தண்ணீரில் நனைத்துத் தொட்டியின் இரண்டு பக்கமும் பின்பக்கமும் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் சுற்றினேன். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். துண்டு காயக் காய அரைமணிக்கு ஒருதரம் தண்ணீர் தெளித்தேன். பறப்பது துண்டிலிருக்கும் நல்ல தண்ணீர், அதனால் தொட்டியில் உப்பும் ஏறவில்லை. இரண்டு மணிக்குக் கரண்டு வந்தபோது 28.6. துண்டு சுற்றாத போன மாதம் 30 தாண்டியிருந்தது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த ஆச்சி, "இப்பம் வேர்க்குதுல்லா" என்றாள்.

துண்டைச் சுற்றும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: நுனி ஸ்விட்ச் போர்டு இருக்கும் பக்கமாகத் தொங்கக் கூடாது. கீழே ஒரு தட்டு வைத்து, சொட்டு அதில் விழும்படி மடித்துவிடுங்கள். கரண்டு வருவதற்குள் தொட்டி ப்ளக்குகளை எல்லாம் கழற்றி வைத்து, துண்டை எடுத்தபிறகு மாட்டுங்கள்.